தையல்காரியின் குரல்

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் நலம் விசாரிக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டு விசாரிக்கிறேன்.

என் எண்ணிலிருந்து அழைத்தால் உங்களுக்கு மணியே அடிப்பதில்லை. ஆபீஸ் முகவரிக்கு மெயில் போட்டேன். ‘தங்கள் விண்ணப்பம் வரிசையில் உள்ளது’ என்று உங்கள் உதவியாளர் பதில் எழுதினார். அதனால்தான் இந்தக் காகிதம். தபால் அலுவலகத்தில் உறையும் தபால்தலையும் விற்ற பெண்மணி, “யாருக்குப்பா, கோர்ட்டுக்கா?” என்று கேட்டார். “இல்லம்மா, அக்கா வீட்டுக்காரருக்கு” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.

அக்கா என் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அது உங்கள் இருவருக்குள் உள்ளது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உங்களைப் பற்றி அவள் ஒரு குறையும் சொன்னதில்லை. எதுவுமே சொன்னதில்லை.

நான் எழுதுவது தொழில் விஷயமாக. நாங்கள் ஏழு பேர் நான்கு வருடம் உட்கார்ந்து ஒரு கேம் முடித்திருக்கிறோம். மலையிலிருந்து இறங்கி வரும் பூதங்களுக்குச் சட்டை தைக்கும் ஒரு தையல்காரியின் கதை. உடம்பு மறைக்கத் துணியில்லாததால் பூதங்கள் ஊருக்குள் வர வெட்கப்படுகின்றன. தையல்காரி நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு பூதத்தின் மேல் ஏறி அளவெடுப்பாள். விளையாடுபவர் செய்ய வேண்டியது அவ்வளவுதான். ஏறுவது, அளப்பது, வெட்டுவது, தைப்பது.

நாங்கள் தொடங்கியபோது கடைகளில் கேம் டிஸ்க்குகளுக்கென்று ஒரு சுவரே இருந்தது. இப்போது அந்தச் சுவரில் ஹெட்போன் தொங்குகிறது. புதிதாக வந்த கன்சோலில் டிஸ்க் போடும் வாயே இல்லை. நான்கு பக்கமும் வழவழவென்று சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. எல்லாரும் மாதச் சந்தா கட்டிவிட்டு, உங்கள் கம்பெனியின் இணையச் சேவையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் விளையாடுகிறார்கள். அதில் இல்லாத கேம் பிறக்காத கேம். எந்த கேமை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் பிரிவுக்கு நீங்கள் தலைவரானதைச் செய்தியில் படித்தேன். பெருமையாக இருந்தது, அத்தான். நிஜமாகவே.

சோதனைப் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை விளையாடிப் பாருங்கள். இது போகவில்லை என்றால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தையல்காரியின் குரல் அக்காவுடையது.

உங்கள் அன்பு மறவாத
மைத்துனன்

பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

உன் கடிதம் வந்தது. உறையின் மேல் என் பெயருக்குப் பின்னால் படிப்பையும் போட்டிருந்தாய். நான் படித்தவன் என்பது உனக்குத் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

உன் ஸ்டுடியோ திறந்த அன்று நான் வந்திருந்தேன், நினைவிருக்கிறதா? அப்போது டிஸ்க் கிடங்கில் மேலாளராக இருந்தேன். முதலீடு போட வந்த இருவர் முன்னால் என்னை நிறுத்தி, “இவர் எங்க அத்தான். நாம மூளையக் கசக்கிச் செய்யறத எல்லாம் பொட்டில போட்டு அடுக்குறவர்” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் அக்காவும் சிரித்தாள். அவளுக்குக் கணீரென்ற சிரிப்பு. கடைசி வரிசை வரை போனது. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. நல்ல வேடிக்கைதான். அடுக்குகிறவனுக்கு ஒரு லாபம் உண்டு, மாப்பிள்ளை. எது எவ்வளவு நாள் அலமாரியில் கிடந்தது என்பது, செய்தவனைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவுக்குத்தான் இன்று இவர்கள் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

உன் கேமை இன்னும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். அதற்கு முன் தொழில் முறையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மனத்தாங்கல் கூடாது.

எங்கள் சேவையில் ஒரு கேம் வருவதாக இருந்தால் முதல் நாளே எங்களிடம் வர வேண்டும். எங்களிடம் மட்டுமே வர வேண்டும். டிஸ்க்கும் விற்பேன், சந்தாவிலும் இருப்பேன் என்றால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். நீ யாரிடமாவது டிஸ்க்குக்குக் கை நீட்டியிருந்தால் அதை முறித்துவிட்டு வா. வாக்குறுதி எதுவும் நான் தரவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இனியும் காகிதத்திலேயே எழுது. என் வீட்டு முகவரிக்கு. ஆபீஸ் மெயிலை நான்கு பேர் படிக்கிறார்கள். உறவுக்காரனுக்குச் சலுகை என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. உன் நல்லதுக்குத்தான்.

குரல் பற்றி எழுதியிருந்தாய். நல்லது. வீட்டில் சும்மா இருப்பதற்கு ஏதாவது செய்யட்டும்.

உன் அத்தான்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டுடியோவில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். திறப்பு விழாப் பேச்சு இத்தனை வருடம் உங்கள் மனதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வாய்க்கொழுப்பு, அத்தான். முதலீட்டுக்காரர்கள் முன்னால் பெரிய ஆள் மாதிரி காட்டிக்கொள்ள ஏதோ உளறிவிட்டேன். சின்னவனை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். ஊர் முழுக்கக் கடை வைத்திருக்கும் மொட்டையண்ணன்தான் டிஸ்க் எடுப்பதாக இருந்தார். அட்டைப்படம்கூட அச்சுக்குப் போய்விட்டது. நேரில் போய்ச் சொன்னேன். கல்லாவில் உட்கார்ந்து பழைய கன்சோல் ஒன்றைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

“யாரு யோசனை இது?”

“எங்க அத்தானோடது.”

“ஒங்கக்கா ஒன் வீட்லதான இருக்கு?”

“ஆமா.”

“பொண்டாட்டி கோச்சுக்கிட்டு வந்து ஒக்காந்திருக்கா. புருஷன் மச்சானுக்கு வழி சொல்றாரு. நல்லாருக்குடா ஒங்க குடும்பம்.” பிறகு பிரஷ்ஷை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “என்கிட்ட இருக்கற டிஸ்க் கீறல் விழுந்தாலும் என்கிட்டதான் இருக்கும். அவன் அங்க சுவிட்ச அணைச்சா ஒன் கேம் எங்கடா இருக்கும்? சொல்லு, எங்க இருக்கும்?”

அவருக்கு வயிற்றெரிச்சல், பாவம். கடை காலியாகக் கிடக்கிறது. எழுந்து வரும்போது, “போற எடத்துலயாவது பெரிய மனுசங்கள மதிச்சுப் பழகு” என்றார். அவர் முன்பணமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்காக வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டியதாகிவிட்டது. என் வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விளையாடினீர்களா? ஒரு வரி போதும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
மைத்துனன்

மார்ச் 26

மாப்பிள்ளைக்கு,

விளையாடினேன். ஒரே மூச்சில் முடித்தேன். நான் எதையும் ஒரே மூச்சில் முடிப்பவன் அல்ல என்று உனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மிக நன்றாக இருக்கிறது. குறிப்பாக அந்தக் கடைசிக் குருட்டுப் பூதம். சட்டையைத் தைத்துப் போட்டுவிட்ட பிறகு, ‘இது என்ன நிறம்?’ என்று அது கேட்பதும், தையல்காரி அதன் காதில் உட்கார்ந்து நிறத்தை வாயால் சொல்லிக் காட்டுவதும். அது முடிந்த பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைக்காமல் அந்த இடத்தை மட்டும் இன்னொருமுறை விளையாடினேன். இந்த வருடம் என் மேசைக்கு வந்தவற்றில் இதற்குப் பக்கத்தில் நிற்கத் தகுதியுள்ளது ஒன்றுமில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இப்படியே எடுக்க முடியாது.

ஏன் என்று கேள். கடையில் ஒருவன் டிஸ்க் வாங்கினால் உன் வேலை முடிந்தது. அவன் விளையாடினாலும் சரி, காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தாலும் சரி. சந்தாவில் அப்படியில்லை. எத்தனை பேர் விரும்பினார்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். உன் தையல்காரி ஒரு சாயங்காலத்தில் வேலையை முடித்துவிட்டு ஊசியைக் குத்தி வைத்துவிடுகிறாள். விளையாடினவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். போனவன் அடுத்த மாதம் சந்தாவை நிறுத்துவான். எங்களுக்கு அழுகிற வாடிக்கையாளர் வேண்டாம், மாப்பிள்ளை. எழுந்திருக்க முடியாத வாடிக்கையாளர் வேண்டும்.

ஆகவே தைத்த சட்டை கிழிய வேண்டும். தினமும் கிழிய வேண்டும். பூதங்கள் மறுநாளும் வந்து வாசலில் நிற்க வேண்டும். நூல் தீர வேண்டும். நூலுக்கு அலைய வேண்டும். குருட்டுப் பூதத்தை எடுத்துவிடு. அது வந்தால் கதை முடிந்துவிடுகிறது.

மனம் கஷ்டப்படும். தெரியும். ஆனால் நான் தலைவரே தவிர முதலாளி அல்ல. இதைச் செய்தால் என் கையில் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும்.

பத்திரத்தை வைத்ததை உன் மனைவியிடம் மறைக்காதே. மறைப்பது குடும்பத்துக்கு நல்லதல்ல.

உன் அத்தான்

மே 11

அன்புள்ள அத்தானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒன்றரை மாதமாக ஸ்டுடியோவில் யாரும் வீட்டுக்கு ஒழுங்காகப் போகவில்லை. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டோம். சட்டைகள் கிழிகின்றன. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒவ்வொரு விதமாகக் கிழிகிறது. முழங்கை, அக்குள், முதுகு. நூல் சந்தை ஒன்று வைத்திருக்கிறோம். குருட்டுப் பூதம் இல்லை.

பூதங்களை வரைந்த பெண்ணை நாங்கள் குண்டூசி என்று கூப்பிடுவோம். ஆளும் அப்படி, பேச்சும் அப்படி. குருட்டுப் பூதத்தை எடுத்த அன்று என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், ஒரு சந்தேகம். சட்ட தெனமும் கிழிஞ்சா அவ தையல்காரியா, ஏமாத்துக்காரியா?”

“கேம் போகணும்மா.”

“எங்க போகணும்?”

அடுத்த வாரம் அவள் வேலையை விட்டுவிட்டாள். இருக்கைக்குக் கீழே அவள் செருப்பு இன்னும் கிடக்கிறது. பரவாயில்லை, வரைய வேண்டியதெல்லாம் வரைந்து கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அக்காதான் பெரிய துணை. புதிய பேச்சு நிறையத் தேவைப்பட்டது. ‘மறுபடியும் கிழிச்சுட்டியா? கொண்டா’ என்பதையே அவள் நூறு விதமாகச் சொல்ல வேண்டும். கோபமாக, தூக்கக் கலக்கமாக, செல்லமாக. வீட்டில் துணி அலமாரிக்குள் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பேசுவாள். துணிகளுக்கு நடுவில் எதிரொலி வராது. வேர்த்து வழிய வெளியே வந்து, “இந்தப் பூதத்துக்குக் கோவம் போதுமாடா, இன்னும் கொஞ்சம் போடவா?” என்பாள். உங்கள் வீட்டில் இருந்தபோது அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

பத்திரம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “ஒங்கக்கா வந்த நேரம்” என்று ஆரம்பித்தாள். அக்கா காதில் விழுந்தது. கேட்காத மாதிரி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குப் பதிவு செய்ய ஒன்றுமே இல்லை.

புதிய பிரதி இத்துடன். இனி உங்கள் கையில்.

தங்கள்
மைத்துனன்

மே 30

மாப்பிள்ளைக்கு,

பிரதி கிடைத்தது. வேலை சுத்தம். இதில் இனி அழுவதற்கு ஒன்றுமில்லை, அதுதான் வேண்டும்.

சோதனைக் குழுவுக்குக் கொடுத்துப் பார்த்தோம். வெவ்வேறு வயது, வெவ்வேறு ஊர். எந்த நொடியில் கை தளர்கிறது, எந்த நொடியில் அணைக்கிறார்கள் என்று கணினி கோடு போட்டுக் காட்டிவிடும். உன் கோடு நன்றாகத்தான் போகிறது. ஆனால் தையல்காரி வாயைத் திறக்கும் இடங்களில் எல்லாம் விழுகிறது. மறுபடி எழுகிறது, மறுபடி பேசுகிறாள், மறுபடி விழுகிறது.

நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒருவர் எழுதிக் கொடுத்த குறிப்பை அப்படியே தருகிறேன்: ‘இந்தக் குரல் எதைச் சொன்னாலும் நம்மைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது.’ இன்னொருவர், ‘காதில் மணல் போட்டதுபோல்’ என்கிறார். இதை நான் சொல்லியிருந்தால் புருஷன் பொண்டாட்டிச் சண்டை என்பாய். இது முன்பின் தெரியாதவர்கள் சொன்னது.

குரலை மாற்று. இப்போது இயந்திரமே பேசுகிறது. யாருடைய மனமும் நோகாது.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று குழம்புவாய். ஒரு யோசனை சொல்கிறேன், பெரியவனாக. சோதனைக் குழு என்றால் அவள் என் வேலை என்று நினைப்பாள். நான் சொன்னேன் என்றால் கேட்கவே வேண்டாம். உன் ஒப்பந்தத்தையே வேண்டாம் என்று சொல்லவைப்பாள். அதனால் உனக்கே பிடிக்கவில்லை என்று சொல். ஆரம்பத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது, அக்காவாயிற்றே என்று பொறுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல். தம்பி சொன்னால் தாங்கிக்கொள்வாள். உடன்பிறந்தவன் சொல்லில் விஷம் இருக்காது என்று நினைக்கிறவள் அவள்.

இது முடிந்தால் ஒப்பந்தத்தை நானே தட்டச்சு செய்ய வைக்கிறேன். என் வாக்கு.

உன் அத்தான்

ஜூலை 8

அன்புள்ள அத்தானுக்கு,

செய்துவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அக்கா துவைத்த துணிகளை மடித்து அந்த அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பதிவு இல்லை என்பதால் ஒலிவாங்கியை ஒரு துண்டில் சுற்றி ஓரமாக வைத்திருந்தாள். நீங்கள் எழுதிய வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் மாற்றவில்லை.

கேட்டுவிட்டு, “ஆரம்பத்துலேர்ந்தேவா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“அந்தக் குருட்டுப் பூதத்துக்கு நெறம் சொன்னேனே. நீ வெளிய நின்னு அழுதியே. அதுவுமா?”

“அது... வேலைப் பளுவுல, அக்கா. தூக்கமில்லாம.”

“ஓ.” ஒரு சட்டையை மடித்து முடித்தாள். “ஒங்க அத்தானும் இதத்தான் சொல்லுவாரு. ‘நீ பேசினா சாப்பாடு எறங்க மாட்டேங்குது’ன்னு. அவருக்கு எம்மேல வெறுப்பு, அதான் அப்பிடிச் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.” பிறகு சிரித்தாள். “நல்லவேளை நீ சொன்ன. இல்லன்னா வாழ்நாள் பூரா அந்த மனுசனத் தப்பாவே நெனச்சிருப்பேன்.”

அத்தான், நான் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பத்திரம் நினைவுக்கு வந்தது. ஸ்டுடியோவில் இருப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் தலையைத்தான் ஆட்டினாள். என் மகள் ஏதாவது கேட்டால் சைகை காட்டினாள். போன வாரம் பெண்கள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலை. வழியனுப்பும்போது, “எதுக்குக்கா அந்த வேலை?” என்று கேட்டேன். “பேச வேண்டியதில்ல” என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

இயந்திரக் குரல் போட்ட பிரதி இத்துடன் இருக்கிறது. நன்றாகவே பேசுகிறது. ஒப்பந்தத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், அத்தான். கேம் வெளிவந்து நாலு பேர் விளையாடினால், அவளை நேரில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.

தங்கள்
மைத்துனன்

ஜூலை 23

மாப்பிள்ளைக்கு,

‘பேச வேண்டியதில்ல’ என்ற வரியை இரண்டு முறை படித்தேன். நீ நன்றாக எழுதுகிறாய். கேம் செய்யப் போகாமல் எழுதியிருக்கலாம்.

ஒப்பந்தம் இந்த உறையில் இருக்கிறது. வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றிவிட்டேன். தொகையைப் பார், பத்திரத்தை மீட்டுவிட்டு, உன் ஆட்களுக்கும் கொடுத்துவிட்டு, கொஞ்சம் மிஞ்சும். இதில் ஏமாற்று இல்லை. கையெழுத்துப் போடும் முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. படித்தவன் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

முதலாவது, சோதனைக் குழு என்று எதுவும் கூடவில்லை. அந்தக் குறிப்புகளை எழுதியவன் நான். கோடு எங்கும் விழவில்லை, கோடே போடவில்லை.

அடுத்து, இந்த ஒப்பந்தம் உன் கேமை முழு உரிமையோடு எங்களுக்குத் தருகிறது. வெளியிடுவதா, வெளியிடாமல் வைத்திருப்பதா என்பது எங்கள் விருப்பம். வெளியிடுவதைவிட அதிகமாகவே நாங்கள் வாங்குகிறோம். இன்னொருவர் சந்தாவில் போய் உட்காராமல் இருப்பதற்காக. உன்னுடையதை வெளியிட வேண்டாம் என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். இதுபோல் முடியாமல் இழுக்கிற கேம்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, இது இன்னொன்று என்றேன். ஒப்புக்கொண்டார்கள். நீ முதலில் அனுப்பிய பிரதியை அவர்கள் பார்த்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

உரிமை எங்களுக்கு வருவதால், பழைய பிரதிகள், பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக நீ எழுதிக் கொடுக்க வேண்டும். அது வழக்கமாக எல்லாரும் தருவதுதான்.

இப்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு நேரே விடுதிக்குப் போய், ‘அக்கா, எல்லாம் அத்தான் சூழ்ச்சி’ என்று சொல்லலாம் என்று தோன்றும். தாராளமாகப் போ. அவள் ஒன்றுதான் கேட்பாள்: “அவரு சொன்னாரு சரி. நீ ஏன்டா ஒம்மனசுல இருந்ததுன்னு சொன்ன?” அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? நான் அவளை வெறுத்தேன் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அதில் அவளுக்கு நஷ்டமில்லை. நீ அவளை விற்றாய் என்பதுதான் அவளுக்குப் புதிதாக இருக்கும். அதை அவளிடம் சொல்லும் வேலையை நான் உனக்கே விட்டுவைத்திருக்கிறேன்.

அவள் என் வீட்டைவிட்டுப் போனபோது பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “எனக்குத் தம்பி இருக்கான்” என்றாள். இரண்டு வருடம் அந்த ஒரு வாக்கியத்தோடு நான் தனியாகச் சாப்பிட்டேன். அவள் திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தாயா? உன் எந்தக் கடிதத்திலும் நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்டிருந்தால் அனுப்பிவைத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு வேண்டியது அவள் அல்ல. அந்த வாக்கியம் பொய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதங்களை யாரிடமாவது காட்டலாம் என்று தோன்றினால் காட்டு. உன்னுடையவையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எது படிக்க அசிங்கமாக இருக்கும் என்று நீயே பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் மனதாரச் சொல்கிறேன். குருட்டுப் பூதம் இருந்த அந்தப் பழைய கேம் மிக நல்ல கேம். உங்கள் ஸ்டுடியோவுக்கு வெளியே அதை விளையாடி முடித்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்கு இருக்கட்டும்.

உன் மனைவிக்கும் மகளுக்கும் என் ஆசிகள்.

அத்தான்

ஆகஸ்ட் 6

தேர்வுப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

ஐயா,

தாங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திட்டு இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். தொகையை அதில் குறிப்பிட்டுள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பத்திரத்துக்குத் தவணை நெருங்குவதால் இந்த மாதத்துக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

எங்கள் அடுத்த முயற்சிக்கான சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். முடிவே இல்லாத கேம். தங்கள் பிரிவின் தேவைகளை மனதில் வைத்தே யோசித்திருக்கிறோம்.

விடுதிக்கு ஒருநாள் போனேன். அக்கா படியிறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தார். சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பிவிட்டேன்.

ஒப்பந்தத்தில் கேட்டபடி பழைய பிரதிகளும் குரல் பதிவுகளும் முழுமையாக அழிக்கப்பட்டன என்று இதன் மூலம் உறுதி அளிக்கிறேன். அழிப்பதற்கு முன், எதுவும் விடுபட்டுவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டேன்.

குரலில் குறை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஸ்டுடியோ உரிமையாளர்